கலங்கலைப் படிக்கும் ஒளி

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கரும்பு பயிரிடும் உழவர் தம் விளைச்சலை ஆலைக்கு அனுப்பும்போது, அதற்குக் கிடைக்கும் விலையில் எடைமேடைக்கு எத்துணைப் பங்குண்டோ அத்துணைப் பங்கு ஓர் ஒளிக்கற்றைக்கும் உண்டு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இயங்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் மட்டுமன்று, உலகிலுள்ள சர்க்கரை ஆலைகள் அனைத்திலுமே ஆய்வுக்கூடத்தின் தலையாய கருவி, சாற்றினூடே ஒளியைச் செலுத்தி அது எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கும் கருவியேயாகும். 2024-25 பருவத்திற்கு மத்திய அரசு அறிவித்த விலை, 10.25 சதவீதப் பிழிதிறன் உள்ள கரும்புக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாய். பிழிதிறன் குறைந்தால் விலையும் 9.5 சதவீதம் என்னும் வரம்பு வரை படிப்படியாகக் குறையும். உழவர் இதனைச் 'சர்க்கரை கட்டுமானம்' என்பர். சாற்றில் எவ்வளவு சர்க்கரை வந்தது, சக்கையிலும் கழிவுப்பாகிலும் எவ்வளவு வீணாய்ப் போயிற்று என்ற கணக்குகளெல்லாம் அந்த ஒளிக்கருவியின் வாயிலிருந்தே பிறக்கின்றன.

இதே கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தை 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நாடு முழுவதும் அறிந்துகொண்டது. அறிந்த காரணம் கொடிது. மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்தவர்களுள் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் அன்றாடங்கூலிக்கு உழைத்தவர்கள். உயிர் தப்பியோருள் பார்வை போனவர்களும் மங்கியவர்களும் இருந்தனர். மெத்தனால் உயிரைப் பறிக்காவிடினும் கண்ணைப் பறித்துக்கொண்டு போகும் இயல்புடையது.

அரபு மொழி கற்றோர்க்கு இங்கே ஒரு சொல் நெஞ்சில் தைக்கும். 'ஆல்கஹால்' என்று உலகம் வழங்கும் சொல்லின் மூலம் 'அல்குஹ்ல்' என்பதே. குஹ்ல் என்பது கண்ணுக்கிடும் அஞ்சனம், நாம் சுர்மா என்போமே அதுதான். மிக நுண்ணிய பொடிக்கு ஆகி, பின்னர் எந்தப் பொருளினின்றும் வடித்தெடுத்த சாரத்திற்கும் ஆகி, 16ஆம் நூற்றாண்டில் பாரசெல்சஸ் என்னும் ஐரோப்பிய மருத்துவர் கையில் மதுவின் சாரத்திற்குப் பெயராயிற்று. கண்ணுக்கு ஒளிதர இட்ட மருந்தின் பெயர், கண்ணைக் குருடாக்கும் திரவங்களின் குடும்பப் பெயராய் நிலைத்துவிட்டது. 'சாராயம்' என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'அரக்' என்ற சொல்லும் வியர்வையைக் குறிக்கும் 'அரக்' என்னும் அரபுச் சொல்லே. சொற்களின் விதி இப்படி.

மெத்தனாலால் கெடும் இடம் கண்ணின் பின்புறத்திலுள்ள பார்வை நரம்பு. புறத்தே பார்த்தால் கண் பழுதற்றே தோன்றும். அந்நரம்பின் இழைகளை வெட்டாமல், தொடாமல், ஒளியைக் கொண்டே அளக்கும் முறை ஒன்று உண்டு. கரும்புச் சாற்றை அளக்கும் ஒளியும் நரம்பிழையை அளக்கும் ஒளியும் ஒன்றே. தமிழ்ப் பாடநூல்கள் அதனைத் 'தளவிளைவுற்ற ஒளி' என்கின்றன. அது தெளிந்த படிகத்திலிருந்து புறப்பட்டுக் கலங்கலான சதைக்குள் புகுந்த வரலாற்றையே இக்கட்டுரையில் சொல்லப் புகுகின்றோம்.

ஒளியியல் என்றதும் நம் மேடைகளில் இமாம் இப்னுல் ஹைதம் அவர்களின் பெயர் முழங்கும். முழங்க வேண்டிய பெயர்தான். ஹிஜ்ரி 354 (கி.பி. 965) வாக்கில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த அப்பேரறிஞர், அல்அஸ்ஹர் பள்ளியின் அருகே தங்கி, யூக்ளிடின் நூலையும் தாலமியின் நூலையும் படியெடுத்து விற்ற வருவாயில் காலங்கழித்தார் என்று இப்னுல் கிஃப்தி எழுதி வைத்துள்ளார். அவர்தம் 'கிதாபுல் மனாழிர்' ஏழு பாகங்களைக் கொண்டது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் புகுகிறது என்று சோதனையால் நிறுவியவர் அவரே. இருட்டறையில் சிறு துளை வழியே ஒளியைப் புகவிட்டு அவர் செய்த சோதனைகள் இன்றும் பாடம்.

ஆயினும் தளவிளைவை அவர் அறிந்திருந்தார் என்று சொல்வோமானால் அது வரலாறாகாது. 'எல்லாம் நம் முன்னோர் சொன்னதே' என்று எழுதுவது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. பெரியோரைப் பெருமைப்படுத்துவதாக எண்ணிச் செய்யும் இவ்வேலை, அவர்கள் உண்மையில் செய்த அரும்பணியை மறைத்துவிடுகிறது என்பதே நம் கருத்து. இமாம் அவர்கள் ஒளியின் பாதையை அறிந்தார்கள். ஒளிக்குப் பக்கங்கள் உண்டு என்பதை அறிய இன்னும் ஆறு நூற்றாண்டுகள் செல்ல வேண்டியிருந்தது. அவர்தம் நூலுக்கு விரிவுரை கண்ட கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ, நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை ஒரு மழைத்துளியாகக் கொண்டு வானவில்லின் இரகசியத்தை அவிழ்த்தார். அந்த வானவில்லின் ஒளி பெரிதும் தளவிளைவுற்றது என்பதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டவர் பிரான்சின் பியோ.

பக்கங்கள் என்றோம். அதன் பொருளைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். ஒரு கயிற்றின் ஒரு முனையைக் கட்டி மறுமுனையை அசைத்தால் அலை ஓடும். மேலும் கீழும் அசைக்கலாம், இடமும் வலமும் அசைக்கலாம், சாய்வாகவும் அசைக்கலாம். கதிரவனின் ஒளியில் எல்லாத் திசை அசைவுகளும் கலந்து கிடக்கின்றன. கயிற்றைச் செங்குத்தான சன்னற் கம்பிகளினூடே விட்டால் மேல்கீழ் அசைவு மட்டுமே அப்பாற் செல்லும். அவ்வாறு ஒரே தளத்தில் அசையும் ஒளியே தளவிளைவுற்ற ஒளி. அதே போன்ற மற்றொரு கம்பிச் சன்னலைக் குறுக்காக வைத்தால் ஒளி முற்றிலும் அடைபட்டுப் போகும்.

1669ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரின் பார்த்தோலின், ஐஸ்லாந்துத் தீவிலிருந்து வந்த ஒரு படிகக் கல்லின் வழியே எழுத்துகளைப் பார்த்தபோது ஒவ்வொன்றும் இரண்டிரண்டாய்த் தெரிந்தது. 1690இல் ஹைகன்ஸ் அதற்கு அலைக் கொள்கையால் விளக்கம் தந்தார். ஆனால் ஒரு படிகத்தினின்று வந்த ஒளியை இன்னொரு படிகத்தில் செலுத்தித் திருப்பினால் அது ஏன் மங்கி மறைகிறது என்பதற்கு மட்டும் தமக்கு விடை கிட்டவில்லை என்று எழுதினார். நியூட்டனோ ஒளிக்கதிருக்குப் பக்கங்கள் இருக்க வேண்டும் என்று ஊகித்ததோடு நின்றார். நூறாண்டுகள் அந்த வினா அப்படியே கிடந்தது.

அதை எடுத்தவர் ஒரு போர்வீரர். எத்தியென் மாலூஸ் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் 1798இல் நெப்போலியனின் படையோடு எகிப்தில் இறங்கியவர். யாஃபாவில் கொள்ளைநோய் கண்டு பிழைத்தெழுந்தவர். கெய்ரோவில் நெப்போலியன் நிறுவிய எகிப்துக் கழகத்தில் கணிதப் பிரிவின் உறுப்பினராயிருந்தவர். அக்கழகத்தின் நூலகத்தையும் வேதியியல் சோதனைகளையும் நேரிற் கண்ட எகிப்திய வரலாற்றாசிரியர் அல்ஜபர்தீ தம் வியப்பை மறைக்காமல் எழுதியிருக்கிறார். படையெடுத்து வந்தவனின் பீரங்கியை வெறுத்த அவருடைய பேனா, அவனுடைய புத்தக அலமாரியை வெறுக்கவில்லை. மாலூஸ் ஒளியைப் பற்றிய தம் கட்டுரையை எகிப்தில் இருந்தபோதே எழுதத் தொடங்கினார். இப்னுல் ஹைதம் ஒளியைப் பற்றி எழுதிய மண்ணில் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒருவர் ஒளியைப் பற்றி எழுதினார் என்பது தற்செயலே. அதற்கு மேல் அதில் பொருள் தேட வேண்டுவதில்லை.

1808ஆம் ஆண்டில் ஒரு மாலைப் பொழுது. பாரிசில் தம் வீட்டிலிருந்தபடியே, எதிரே லக்சம்பர்க் அரண்மனையின் சன்னல்களில் பட்டுத் திரும்பும் அந்தி வெயிலை மாலூஸ் படிகக்கல்லின் வழியே நோக்கினார். இரண்டாய்த் தெரிய வேண்டிய சூரியப் பிம்பம், கல்லைத் திருப்பும்போது ஒன்று பிரகாசித்து மற்றது மங்கிற்று. விந்தை படிகத்தில் மட்டும் இல்லை, வெறுங் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியிலும் உண்டு என்பது அன்று வெளியாயிற்று. காந்தத்திற்குத் துருவங்கள் இருப்பது போல ஒளித்துகளுக்கும் உண்டெனக் கருதி அவர் இட்ட பெயரே ஐரோப்பிய மொழிகளில் இன்றளவும் நிற்கிறது. இற்றைநாள் அரபியில் அதனை 'இஸ்திக்தாப்' என்று மொழிபெயர்த்துள்ளனர். வேர்ச்சொல் 'குத்பு'. குத்பு நாயகத்தின் பெயரை நாவில் கொண்ட நம் மக்கள் இச்சொல்லை அறிவர். ஆனால் ஒளியில் துருவம் ஏதுமில்லை, தளமே உண்டு. இவ்விடத்தில் அரபு மொழிபெயர்ப்பைவிடத் தமிழ்ச் சொல்லே மெய்க்கு நெருக்கமானது என்று சொல்லத் தயங்கமாட்டோம். மாலூஸ் 1812இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 36.

இனிச் சர்க்கரைக்கு வருவோம். 1815இல் பியோ, சர்க்கரைக் கரைசலினூடே செல்லும் தளவிளைவுற்ற ஒளியின் தளம் வலப்புறமாகத் திரும்புவதைக் கண்டார். படிகத்தின் அடுக்கு ஒழுங்கு எதுவும் இல்லாத நீர்மத்தில் இது நடப்பதால், திருப்பும் ஆற்றல் மூலக்கூற்றிலேயே இருக்க வேண்டும் என்று தேர்ந்தார். எவ்வளவு சர்க்கரையோ அவ்வளவு திருப்பம். 100 மில்லிலிட்டர் கரைசலில் 26 கிராம் தூய சர்க்கரை இருந்து, 200 மில்லிமீட்டர் நீளக் குழாயில் சோடிய விளக்கின் மஞ்சள் ஒளி சென்றால், தளம் 34.6 பாகை திரும்பும். அதனையே நூறு என்று கொண்டு ஆலைகளின் அளவுகோல் வகுக்கப்பட்டது. நீரிழிவு நோயாளியின் சிறுநீரிலுள்ள சர்க்கரையையும் 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் இதே முறையால் அளந்தனர்.

ஆனால் ஒரு தொல்லை. செக்கிலிருந்து வரும் கரும்புச் சாறு தெளிந்த நீரன்று. மண், மெழுகு, பசை, நாரின் துணுக்கு எல்லாம் மிதக்கும் கலங்கல். அந்தக் கலங்கலில் ஒளி புகுந்தால் ஒவ்வொரு துகளிலும் மோதி மோதித் தன் தளத்தை மறந்துவிடும். ஆகவே சாற்றில் காரீய உப்பைத் தூவிக் கசடுகளைத் திரட்டி, வடிகட்டி, தெளிந்த பின்னரே குழாயில் ஊற்றினர். ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஆலை ஆய்வுக்கூடங்களின் கழிநீரில் ஓடிய காரீயத்தின் நஞ்சு அந்தத் தெளிவுக்குக் கொடுத்த விலை. 880 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்தும் கருவிகள் வந்த பிறகே காரீயமின்றி அளக்க வழி பிறந்தது. நிறமும் கலங்கலும் அந்த ஒளியை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

இங்கேதான் வரலாறு இரு கிளையாகப் பிரிகிறது. கலங்கல் பகை, அதை நீக்கு என்றது ஒரு கிளை. கலங்கலே செய்தி, அதைப் படி என்றது மற்றொன்று. இரண்டாவது கிளையை வளர்த்ததில் தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கும் அவர்தம் உறவினர்க்கும் மாணவர்க்கும் உள்ள பங்கு பெரிது. நம் இதழ்களில் அது போதிய அளவு பேசப்பட்டதில்லை.

1869இல் அயர்லாந்தில் பிறந்த டிண்டால், நுண்துகள் நிறைந்த குழாயில் ஒளியைப் பாய்ச்சிப் பக்கவாட்டில் பார்த்தபோது நீல நிறம் கண்டார். செங்கோணத்தில் அது முழுமையாகத் தளவிளைவுற்றிருந்தது. 1871இல் ராலே பிரபு, வானத்தின் நீலமும் இவ்வாறே பிறக்கிறது எனக் கணித முறையில் காட்டினார். மக்ரிபு வேளையில் இதை எவரும் சோதிக்கலாம். கதிரவன் மேற்கே மறையும்போது, அதற்குச் செங்கோணமான தலைக்கு நேர் மேலே, வடக்கிலிருந்து தெற்காக ஒரு பட்டை போல வானொளி மிகுதியாகத் தளவிளைவுற்றிருக்கும். தேனீக்கள் இதைக் கண்டே திசையறிகின்றன என்று ஃபான் ஃப்ரிஷ் 1949இல் நிறுவினார். 'அந்நஹ்ல்' அத்தியாயத்தை ஓதும் நமக்கு அது வியப்பளிக்கலாம். மனிதக் கண்ணும் முற்றிலும் குருடன்று. வெண்ணிற ஒளி தளவிளைவுற்றிருந்தால் பார்வையின் நடுவில் மங்கலான ஒரு மஞ்சள் நிறக் குஞ்சம் சில நொடிகள் தோன்றி மறையும். வியன்னாவின் ஹைடிங்கர் அதை 1844இல் எழுதினார். விழித்திரையின் நடுவே மஞ்சள் நிறமிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதே காரணம். கண்ணின் திசுவுக்குள்ளேயே ஒளியின் தளத்தை உணரும் ஒழுங்கு ஒன்று இருக்கிறது என்பதற்கு இது முதற் சான்று.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த ச. வெ. இராமன் 1921இல் இங்கிலாந்து சென்று 'நர்குண்டா' என்னும் கப்பலில் திரும்பினார். மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் கடந்து, நம் ஹாஜிகள் பலரும் அறிந்த அந்நீர்வழியே வந்த கப்பல் அது. ஆழ்கடலின் நீலம் வானத்தின் பிம்பமே என்பது ராலே சொன்ன கருத்து. இராமன் தம் கையிலிருந்த நிக்கோல் பட்டகத்தை, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி முழுதும் அடைபடும் கோணத்தில் பிடித்துக் கடலைப் பார்த்தார். வானத்தின் பிம்பம் அணைந்தது. கடல் கறுக்கவில்லை, முன்னிலும் ஆழ்ந்த நீலமாய் ஒளிர்ந்தது. எனவே அந்நிறம் நீரின் மூலக்கூறுகளே சிதறடிக்கும் ஒளியினது என்று முடிவு கட்டி, பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் 'நேச்சர்' இதழுக்கு மடல் எழுதினார். கருவி ஒரு விரல் நீளப் பட்டகம், ஆய்வுக்கூடம் கப்பலின் மேல்தளம். விலையுயர்ந்த கருவி இல்லை என்று நம் கல்லூரிகள் சொல்லும் சாக்குக்கு இதைவிடச் சுடச்சுடப் பதில் வேண்டுமோ?

ஏழாண்டுகளுக்குப் பின் வந்த பெருங் கண்டுபிடிப்பிலும் தளவிளைவே சாட்சி சொல்லிற்று. கல்கத்தாவில் இராமனின் மாணவர் வெங்கடேசுவரன், நன்கு தூய்மை செய்த கிளிசரின் சிதறும் ஒளி நீலமாயிராமல் பச்சையாயிருப்பதையும் அது வலுவாகத் தளவிளைவுற்றிருப்பதையும் கண்டார். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1928 பிப்ரவரியில் நீர்மம் நீர்மமாகச் சோதித்து அதை உறுதி செய்தார். வெறும் மினுக்கொளியாயின் அவ்வளவு தளவிளைவு இராது. ஆகவே இது வேறு வகைச் சிதறல் என்று துணிய அது வழி காட்டிற்று. மாதக் கடைசியில் இராமன் விளைவு உலகறிந்தது.

இராமனின் மாணவர்களுள் இன்னொரு கிருஷ்ணன் உண்டு. இரண்டு பெயரும் ஒன்றாயிருப்பதால் மறக்கப்பட்டவர். கேரளத்தில் பிறந்து பெங்களூரில் பணியாற்றிய ஆர். எஸ். கிருஷ்ணன், 1930களில் பால்போன்ற கூழ்மங்களையும் குழம்பல்களையும் எடுத்துக்கொண்டார். துகள்கள் மிகச் சிறியனவாயின் சிதறிய ஒளியில் இரு தளங்களின் விகிதம் ஒன்றாயிருக்க வேண்டிய ஒரு நிலையில், பெருந்துகள்களாயின் அது ஒன்றுக்குக் கீழே இறங்குகிறது எனக் கண்டார். 'கிருஷ்ணன் விளைவு' என்று நூல்கள் அதனைக் குறிக்கின்றன. கலங்கலில் மிதப்பது எவ்வளவு பெரிது, எத்தகைய வடிவினது என்பதை, வடிகட்டாமலே, ஒளியின் தளத்தைக் கொண்டு கேட்டறியலாம் என்பதே இதன் உட்பொருள். சர்க்கரை ஆலை கசடென்று தள்ளியதை அவர் நூலாக வாசித்தார்.

ஆனால் கலங்கல் அடர்ந்துவிட்டால் ஒளி ஒருமுறையன்று, நூறு முறை மோதும். அதைக் கணக்கிடுவது எப்படி? சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவரும் இராமனின் அண்ணன் மகனுமான சு. சந்திரசேகர், வானத்துக் காற்று மண்டலத்துக்காகவும் விண்மீன்களுக்காகவும் 1940களில் அக்கணக்கை முடித்தார். ஒளியின் தளவிளைவு நிலையை நான்கே எண்களால் குறிக்கலாம் என்று 1852இல் ஸ்டோக்ஸ் எழுதி மறக்கப்பட்டிருந்த முறையை மீட்டெடுத்தார். 1950இல் வெளிவந்த அவர்தம் கதிர்வீச்சுக் கடத்தல் நூலைத் தோலினுள் ஒளி செல்லும் வழியைக் கணிக்கும் மருத்துவப் பொறியாளர்கள் இன்றும் எடுத்தாளுகின்றனர். விண்மீனுக்கு எழுதிய கணக்கு மனிதச் சதைக்கும் பொருந்திற்று, இரண்டும் கலங்கலே.

இராமனின் சகோதரி மகன் பஞ்சரத்தினம் 1956இல், 22 வயதில், பெங்களூரில் ஒரு கட்டுரை எழுதினார். ஒளியின் தளவிளைவை ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கும் அங்கிருந்து மூன்றாவதற்கும் மாற்றி மீண்டும் முதல் நிலைக்கே கொண்டுவந்தாலும், அது புறப்பட்டபடியே திரும்புவதில்லை. சுற்றிவந்த பரப்பின் நினைவை ஒரு கட்ட வேறுபாடாகச் சுமந்து வருகிறது என்பது அதன் சாரம். இந்திய இதழில் வந்தமையால் அதை முப்பதாண்டுகள் எவரும் பொருட்படுத்தவில்லை. 1984இல் இங்கிலாந்தின் பெர்ரி இத்தகையதொரு கட்டத்தைத் தனியே கண்டறிந்த பின்னர், 1986இல் இராமசேஷனும் நித்தியானந்தாவும் பழைய கட்டுரையை எடுத்துக் காட்டினர். பெர்ரி 1987இல் அதன் முதன்மையைப் பெருந்தன்மையோடு ஒப்பினார். பஞ்சரத்தினமோ 1969இலேயே ஆக்ஸ்போர்டில் 35 வயதில் மறைந்திருந்தார். மாலூசைப் போலவே.

கருவிகள் சதைக்குள் நுழைந்ததை இனிக் காண்போம். நுண்ணோக்கியில் இரு தளவிளைவுத் தட்டுகளைக் குறுக்காக வைத்தால் புலம் இருளும். நடுவில் வைத்த பொருள் ஒளிர்ந்தால் அதனுள் அணிவகுப்பு உண்டு என்று பொருள். 1927இல் செஞ்சாயமிட்ட அமிலாய்டுப் படிவு பச்சையாய் ஒளிர்வதைக் கண்டு நோயறிந்தனர். 1961இல் மூட்டுநீரிலுள்ள யூரேட்டுப் படிகங்களை இவ்வாறே பார்த்துக் கீல்வாதத்தின் ஒரு வகையைத் தேர்ந்தறியும் முறை வந்தது. நோயியல் கூடங்களில் இவ்விரண்டும் இன்றும் அன்றாட வேலை.

உடம்பில் பெரும்பான்மையான அணிவகுப்பு கொலாஜன் இழைகளுடையது. தோலும் தசைநாணும் எலும்பும் கருவிழியும் அதனால் ஆனவை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு தொடங்கி, கங்காருவின் வால் தசைநாணையும் ஆராய்ந்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் கொலாஜனின் முப்புரி அமைப்பை வெளியிட்டார். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பெரியமேட்டிலும் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்ட நம் சமூகத்தார், ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஊறவைத்து இறுக்கியது இதே முப்புரிகளைத்தான். தோல் வணிகத்தில் பேர்பெற்ற சமூகம் அதன் உள்ளமைப்பைக் கண்டவரின் பெயரை அறிந்திருப்பது நலம்.

கொலாஜன் ஒழுங்காயிருந்தால் ஒளி இருவேறு வேகத்தில் செல்லும். படிகக்கல்லில் பார்த்தோலின் கண்ட அதே இரட்டை விலகல். தீக்காயத்தில் வெந்த கொலாஜன் சுருண்டு ஒழுங்கிழக்கும். புற்று வளரும் இடத்தில் இழைகள் அரிக்கப்படும். இரட்டை விலகலும் குறையும். ஆனால் தோலைப் பார்க்கும்போது ஆழத்திலிருந்து பலமுறை மோதி வரும் ஒளி எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. அதற்கு எளியதொரு வழி உண்டு. தளம் மாறாது திரும்பிய ஒளியிலிருந்து குறுக்குத் தளத்தில் திரும்பிய ஒளியைக் கழித்தால், ஆழத்து ஒளி இரண்டிலும் சமமாயிருப்பதால் அது நீங்கி, மேற்பரப்பின் மெல்லிய அடுக்கு மட்டும் படமாகும். அமெரிக்காவில் ஸ்டீவன் ஜேக்ஸ் 2000ஆம் ஆண்டையொட்டி இம்முறையால் தோற்புற்றின் எல்லையைக் காட்டினார். இராமன் கப்பலில் வானத்தின் பிம்பத்தை அணைத்ததும் இதுவும் ஒரே உத்தியே. நான்கு எண்கள் உள்ளே சென்று நான்கு எண்கள் வெளிவருவதால், திசுவை முழுமையாக விவரிக்கப் பதினாறு எண்கள் வேண்டும். முல்லர் அணி என்று அதற்குப் பெயர். அப்பதினாறிலிருந்து எது கலங்கலின் விளைவு, எது இழையின் விளைவு, எது சர்க்கரையின் திருப்பம் என்று பிரித்தெடுப்பதே இன்றைய கடினமான வேலை. கல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் நிர்மால்ய கோஷ் இதில் உழைத்து வருகிறார். கனடாவின் விட்கினுடன் அவர் 2011இல் எழுதிய மதிப்பாய்வு இத்துறையில் நுழைவோர்க்கு வாயில்.

எஞ்சியிருப்பது கண். விழித்திரையின் மேலடுக்கில் பார்வை நரம்பின் இழைகள் ஆற்றுநீர் போல ஒருங்கு ஓடி நரம்பின் வாயிலில் இறங்குகின்றன. ஒவ்வோர் இழையினுள்ளும் நுண்குழல்கள் இணையாக அடுக்கப்பட்டிருப்பதால் அவ்வடுக்கிலும் இரட்டை விலகல் உண்டு. 1990இல் கலிபோர்னியாவில் வைன்ரெப், டிரேயர் முதலியோர் அதனை லேசர் ஒளியால் அளந்து, இழைகளின் தடிமனோடு பொருந்துவதைக் காட்டினர். கண்ணழுத்த நோயைக் கண்டறிய அக்கருவி பல மருத்துவமனைகளில் பயன்பட்டது. கருவிழியிலும் கொலாஜன் இருப்பதால் அதன் விளைவைத் தனியே கழிக்க வேண்டியிருந்தது. இன்று அக்கருவியின் இடத்தைத் தடிமனை நேரே அளக்கும் ஓசிடி பெரிதும் பிடித்துக்கொண்டது. ஆயினும் 2013இல் அமெரிக்காவில் குரங்குகளிடம் செய்த ஆய்வொன்று சிந்திக்கத்தக்கது. கண்ணழுத்த நோய் உண்டாக்கிய கண்களில், இழையடுக்கு மெலிவதற்கு முன்பே அதன் இரட்டை விலகல் குறையத் தொடங்கிற்று. ஆட்கள் குறையுமுன் அணி கலைகிறது.

மெத்தனால் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது தன்னளவில் எத்தனாலினும் மிகுந்த போதையுடையதன்று. நிறத்தால், பார்வையால் இரண்டையும் வேறு பிரிக்க இயலாது. இரண்டும் ஒளியின் தளத்தைத் திருப்புவதுமில்லை. ஆலையின் சர்க்கரைக் கருவியில் இரண்டும் சுழியே காட்டும். ஈரல் அதனை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அவ்வமிலம் உயிரணுக்களில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியை முடக்குகிறது. ஓயாது ஆற்றல் வேண்டி நிற்கும் பார்வை நரம்பு முதலில் மூச்சுத் திணறுகிறது. நரம்பின் வாய் வீங்கி, சில வாரங்களில் வெளுத்து, இழையடுக்கு மெலிந்துவிடும். மெலிந்தது மீளாது.

இந்த மாற்றம் உடனே நிகழ்வதில்லை என்பதே பெருங்கேடு. குடித்த பின் பெரும்பாலும் அரை நாள் முதல் ஒரு நாள் வரை வெறும் மயக்கமாகவே தோன்றும். எத்தனாலும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும். ஏனெனில் ஈரல் எத்தனாலையே முதலில் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் மருத்துவர் அளந்த எத்தனாலையோ ஃபோமெபிசோல் என்னும் மருந்தையோ கொடுத்து அமிலம் உண்டாவதைத் தடுக்கின்றனர். குருதியைச் சுத்திகரித்து மெத்தனாலை வெளியேற்றுகின்றனர். அமிலம் உண்டாகுமுன் வந்தால் கண் தப்பும். பார்வையெங்கும் வெண்பனி மூடியது போலிருக்கிறது என்று நோயாளி சொல்லும்போது அமிலம் ஏற்கெனவே நரம்பைத் தொட்டிருக்கும்.

கருணாபுரத்தில் உயிர் பிழைத்து மங்கிய பார்வையோடு வீடு திரும்பியவர்களின் கண்ணுக்குள் எவ்வளவு இழை எஞ்சியிருக்கிறது என்பதை இன்று சில நிமிடங்களில் அளந்துவிடலாம். ஓராண்டுக்கு ஒருமுறை அளந்தால் இழப்பு நின்றுவிட்டதா தொடர்கிறதா என்றும் தெரியும். கூலி வேலைக்குத் திரும்ப முடியுமா, எந்த வேலைக்குத் திரும்பலாம், அரசின் உதவிக்கு எவ்வளவு பார்வையிழப்பைச் சான்றளிக்கலாம் என்பன அந்த எண்ணைப் பொறுத்தவை. கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கருணாபுரத்திலிருந்து அது பேருந்து செல்லும் தொலைவுதான்.